மாலைவரை காத்திருக்கக்கூடிய முடிவுகள்

“முடிதானே, வளர்ந்துவிடும்” என்று என்னிடம் சொன்னவர்கள் எல்லோருமே என் நலம் விரும்புகிறவர்கள். அலுவலகத் தோழிகள், மேல்மாடியில் குடியிருக்கும் அம்மாள், என் தம்பி, மகளுக்கு வழக்கமாக வைத்தியம் பார்க்கும் மருத்துவர் என ஒருவர் பின் ஒருவராக அதையே சொன்னார்கள். அவர்கள் சொன்னபடியே முடி வளர்ந்தும்விட்டது. இருந்தும் அந்தச் சொற்கள் எனக்கு ஆறுதல் தரவில்லை. முடி திரும்ப வளருமா என்ற சந்தேகம் எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை. என் குழந்தைக்கு மொட்டை போடலாம் என்ற முடிவை, அவளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஒருவர், என்னையும் என் கணவரையும் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்தார் என்பதுதான் என் வருத்தம். காலம் கடந்தும் அது அடங்காமல் இருப்பதால், அதைப் பற்றி நிதானமாக யோசித்து எழுதிவிடுவது நல்லது என்று தோன்றுகிறது.

மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் வந்த திருத்தம், சம்பளத்துடன் கூடிய விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியது. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றும், தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே சென்று குழந்தையைப் பார்த்துவரலாம் என்றும் அதே திருத்தம் சொன்னது. நான் வேலை செய்வது ஒரு சிறிய தணிக்கையாளர் அலுவலகத்தில். அங்கே ஐம்பது பேர் இல்லை. விடுப்பு முடிந்ததும், சென்னையில் என் நிலையில் இருக்கும் பெண்கள் பெரும்பாலும் என்ன செய்வார்களோ அதையே நானும் செய்தேன். இரண்டு தெரு தள்ளி, தம் வீட்டு முன்னறையில் நான்கைந்து குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அக்காவிடம் மகளை விட்டேன். ஐம்பது வயதைத் தாண்டியவர், கணவரை இழந்தவர். பெயர்ப்பலகையோ ரசீதோ எதுவும் கிடையாது. குழந்தைகள் அவரை ஆயா என்று அழைத்தார்கள். அவரிடம் இருந்த காலத்தில் என் மகள் ஒரு நாளும் பசியோடு வீடு திரும்பியதில்லை. அழுக்குத் துணியோடு திரும்பியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இது கொடுமைக்காரி ஒருத்தியின் கதை அன்று; அப்படி இருந்திருந்தால் எழுதுவதற்கு எதுவும் இருந்திருக்காது, காவல் நிலையத்துக்குப் போயிருப்பேன்.

ஓர் ஆடி வெள்ளிக்கிழமை மாலை மகளை அழைத்துவரப் போனபோது, மழித்த தலையில் சந்தனம் பூசி, புதுப் பாவாடை சட்டை உடுத்தி அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அக்காவின் முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சி. “அம்மனுக்கு வேண்டிக்கிட்டேம்மா, இன்னிக்குதான் நல்ல நாளு, நல்லபடியா முடிஞ்சிருச்சு” என்று குங்குமத்தையும் எலுமிச்சம்பழத்தையும் என் கையில் வைத்தார். மற்றக் குழந்தைகளைத் தம் தங்கையிடம் விட்டுவிட்டு, மகளை மட்டும் ஆட்டோவில் புறநகரில் உள்ள ஓர் அம்மன் கோயிலுக்கு அழைத்துப் போயிருக்கிறார். அறநிலையத் துறைக் கோயில்களில் மொட்டை போடுவதற்கு 2021 முதல் கட்டணம் கிடையாது. இது எளியவர்களுக்குக் கிடைத்த நல்ல சலுகைதான். ஆனால் அங்கே, இந்தக் குழந்தைக்கு நீங்கள் யார் என்று எவரும் கேட்பதும் கிடையாது. கூட்ட நாளில், மடியில் குழந்தையை வைத்திருப்பவர் தாயாகவோ பாட்டியாகவோதான் இருப்பார் என்று எடுத்துக்கொள்வார்கள். பாவாடைக்கும் ஆட்டோவுக்கும் அவர் தம் காசையே செலவழித்திருந்தார். நான் கொடுக்கவந்தபோது வாங்க மறுத்துவிட்டார்.

அவர் சொன்ன பதில்

அந்த வேண்டுதலுக்குக் காரணமான நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், ஒரு மதிய வேளையில் மகளுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுவரை உள்ள குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வரக்கூடிய வலிப்பு அது. பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தானாகவே நின்றுவிடும் என்றும், குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது என்றும் பின்னால் மருத்துவர் எனக்கு விளக்கினார். அன்று அக்காவுக்கு இவை எதுவும் தெரியாது. கண் மேலே செருகி, உடல் விறைத்து வெட்டுகிற ஒரு குழந்தை கையில் இருக்கிறது. அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். வழக்கப்படி சாவிக்கொத்தை அவள் கையில் பிடிக்கவைத்து, தெருவில் ஓடி, போன ஆட்டோவை மறித்து, மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோய்விட்டார். ஆட்டோவிலிருந்துதான் எனக்குத் தொலைபேசி வந்தது. நகரத்தின் மறுகோடியிலிருந்து நான் போய்ச் சேருவதற்குள் மகள் கண் விழித்துத் தண்ணீர் குடித்திருந்தாள். அக்காவின் புடவை முழுவதும் வாந்தி. அந்த இடைப்பட்ட நேரத்தில், காத்திருப்புப் பெஞ்சில் உட்கார்ந்து, அவர் அம்மனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறார்.

ஆடி வெள்ளிக்கு மறுநாள், கோபம் சற்றுத் தணிந்தபின் அவர் வீட்டுக்குப் போனேன். “அக்கா, எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்று கேட்டேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. என் கேள்வியே அவருக்கு விளங்கவில்லை என்று முதலில் நினைத்தேன். பிறகு சொன்னார்: “அன்னிக்கு நீங்க இல்லம்மா. நான்தான் இருந்தேன்.” குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்தபின்னும் அந்த இரண்டு வாக்கியங்களையே நினைத்துக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போகிற எந்தத் தாயையும் நிலைகுலையச் செய்யக்கூடிய வாக்கியங்கள் அவை. அந்த நிலைகுலைவில், அவர் செய்தது சரிதான் என்று ஒப்புக்கொண்டுவிடுவது மிக எளிது. நானும் ஏறக்குறைய ஒப்புக்கொண்டுவிட்டேன். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவருக்கு ஒரு மொட்டை போட உரிமை இல்லையா என்று என் கணவர் கேட்டபோது, அந்தக் கேள்விக்குள் ஏதோ தவறாக இருக்கிறது என்று மட்டும் தோன்றியது. அது என்ன என்று சொல்லத் தெரியவில்லை.

மெல்ல மெல்லத்தான் அது பிடிபட்டது. வலிப்பு வந்த மதியமும் ஆடி வெள்ளியும் இரண்டு வெவ்வேறு வகையான நாட்கள். முதல் நாளில் அவர் என்னைக் கேட்டுக்கொண்டு நின்றிருந்தால்தான் தவறு. கேட்காமல் ஓடியது சரி; என் பெயரால், என் இடத்தில் நின்று, என்னைவிட வேகமாக முடிவெடுத்தார். இரண்டாவது நாளில் அவசரம் எதுவும் இல்லை. வேண்டிக்கொண்டதற்கும் நிறைவேற்றியதற்கும் நடுவே மாதங்கள் ஓடியிருந்தன. ஒவ்வொரு நாள் காலையும் மாலையும் நான் அவர் வாசலில் நின்றிருக்கிறேன். அம்மனிடம் வேண்டிக்கொண்டது அவருடைய பக்தி, அதில் தலையிட எனக்கு எந்த உரிமையும் இல்லை. அவர் தம் முடியையே காணிக்கையாகத் தந்திருந்தால் நான் அவர் காலைத் தொட்டு வணங்கியிருப்பேன். ஆனால் அந்த வேண்டுதல் கேட்டது என் மகளின் தலைமுடியை. அவசரத்தில் அவருக்கு வந்து சேர்ந்த அதிகாரம், அவசரம் தீர்ந்ததும் தீர்ந்துவிட்டது. மாலைவரை காத்திருக்கக்கூடிய எந்த முடிவும், மாலையில் வந்து குழந்தையை அழைத்துப்போகிறவரிடம் விடப்பட வேண்டும் என்பதே இப்போது என் கருத்து.

சட்டம் எந்த இடத்தில் நிற்கிறது

என் தோழி ஒருத்தி வழக்கறிஞர். அவளிடம் பேசியபோது, சட்டமும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் வந்து நிற்கிறது என்று தெரிந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 27-ஆவது பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 89-ஆவது பிரிவின் தொடர்ச்சி. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காக நல்லெண்ணத்துடன் செய்யப்படும் செயலை, சில வரம்புகளுக்கு உட்பட்டு, அது குற்றமாக்குவதில்லை. அந்தச் செயலைச் செய்யவோ அதற்குச் சம்மதம் தரவோ கூடியவர்களாக இரண்டு பேரை அது சொல்கிறது: ஒருவர் காப்பாளர், மற்றவர் குழந்தையைச் சட்டப்படி தம் பொறுப்பில் வைத்திருப்பவர். அக்கா போன்றவர்களுக்கு அந்த இரண்டாவது இடத்தில் ஒரு நியாயமான நிற்குமிடம் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். 30-ஆவது பிரிவு இன்னும் தெளிவானது. நன்மை பயக்கக்கூடிய நேரத்துக்குள் சம்மதம் பெற முடியாத சூழ்நிலையில், சம்மதம் இல்லாமலேயே நல்லெண்ணத்துடன் செய்யப்படும் செயலை அது பாதுகாக்கிறது. நேரம் இல்லை என்பதுதான் அங்கே அடிப்படை.

அதே பேச்சில் அவள் வேறொன்றையும் நினைவூட்டினாள். 1956-ஆம் ஆண்டின் இந்து இளையர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, தந்தையை முதலிலும் அவருக்குப் பின்னர் தாயையும் இயற்கைக் காப்பாளர்களாக வைக்கிறது. ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்கும் என்று சொல்லும் அதே பிரிவு, முடிவெடுக்கும் முதல் இடத்தைத் தந்தைக்குத் தந்தது. தம் மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் பத்திரங்களில் முதலீடு செய்யத் தாய் கையெழுத்திட்டது போதாது என்று சொல்லப்பட்டதால், கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன் உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. தந்தை உயிரோடு இருக்கும்போதும், குழந்தையின் நலனில் அவர் பொறுப்பேற்காத சூழ்நிலைகளில் தாய் காப்பாளராகச் செயல்படலாம் என்று 1999-இல் தீர்ப்பு வந்தது. நானே பெற்ற பிள்ளைக்காக முடிவெடுக்கும் உரிமை இவ்வளவு போராடிக் கிடைத்த ஒன்று என்பதை அறிந்தபின், அதை அடுத்த தெருவில் இருக்கும் அன்புக்குக்கூட விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சொந்தக்காரர்களின் கோபம்

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து என் மாமியார் தொலைபேசியில் கொதித்துப்போனார். “முதல் முடி நம்ம குலசாமிக்கில்ல குடுக்கணும். தாய்மாமன் மடியில உக்கார வச்சு எடுக்க வேண்டியது. எவளோ ஒருத்தி எடுத்துட்டுப் போனா, நீ பாத்துக்கிட்டு இருந்தியா?” அந்தத் தாய்மாமன்தான் ‘முடிதானே’ என்று சொன்ன என் தம்பி. மாமியாரும் என்னைப் போலவே கோபப்பட்டார் என்பதால் அவர் என் பக்கம் இருப்பதாக ஒரு கணம் நினைத்தேன். பேசப் பேசத்தான் எங்கள் இருவரின் கோபமும் வேறு வேறு என்று புரிந்தது. அவருக்குக் கோயில் தவறு, மடி தவறு. கேட்காமல் செய்தது தவறு என்று அவர் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. அவரும் எங்களைக் கேட்காமலேயே நாள் குறித்து, அழைப்புக்குச் சொல்லி அனுப்பியிருப்பார். அதில் தவறு இருப்பதாக அவர் குடும்பத்தில் யாருக்கும் தோன்றியிருக்காது.

உண்மையில், குழந்தை பிறந்த முதல் மணி நேரத்திலேயே இது தொடங்கிவிடுகிறது. சேனை தொட்டு வைப்பதற்கு யார் வர வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் முன்பே தீர்மானித்துவைத்திருப்பார்கள். அறுவைச் சிகிச்சையின் மயக்கம் தெளியாத தாய்க்கு, குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ பட்டுவிட்டது என்பது மறுநாள்தான் தெரியவரும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே தர வேண்டும் என்பதும், ஒரு வயதுக்கு முன் தேன் கொடுத்தால் அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகளால் போட்டுலிசம் என்ற ஆபத்தான நச்சு நோய் வரலாம் என்பதும் மருத்துவமனைச் சுவரிலேயே எழுதியிருந்தாலும், “நாங்கல்லாம் வளக்கலையா” என்ற ஒரே வாக்கியத்தின் முன் அது நிற்பதில்லை. குளிப்பாட்ட வரும் பாட்டி மூக்கில் எண்ணெய் விடுவார், பிறந்த குழந்தையின் மார்பைப் பிதுக்கிப் பால் எடுப்பார். எண்ணெய் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாகும், பிதுக்கிய இடத்தில் சீழ் கட்டும் என்று குழந்தை மருத்துவர்கள் தொடர்ந்து எச்சரித்துவருகிறார்கள். தடுக்கப்போகும் இளம் தாய்க்குக் கிடைப்பது, ‘ரொம்பப் படிச்சவ’ என்ற பட்டம்தான். இவற்றில் சில தீங்கற்றவை, சில ஆபத்தானவை. எது எந்த வகை என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பே தாய்க்குக் கொடுக்கப்படுவதில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மருந்து விஷயத்தில் எந்தச் சமாதானமும் கிடையாது. மதியம் தூங்குவதற்காகச் சளி மருந்து கொடுக்கும் காப்பகங்களைப் பற்றி என் அலுவலகத்திலேயே பேச்சு உண்டு. பல சளி மருந்துகளில் இருக்கும் குளோர்பெனிரமைன் தூக்கத்தைத் தரும். அதனால்தான் அந்த ஆசை வருகிறது. குளோர்பெனிரமைனும் பினைல்எஃப்ரினும் சேர்ந்த கூட்டு மருந்தை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தரக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்தது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளே வேண்டாம் என்று 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை மீண்டும் அறிவுறுத்தியது. அன்பாலோ அசதியாலோ எந்தக் காரணத்தாலும், பிறர் குழந்தைக்கு ஒரு மூடி மருந்தைத் தாமாக ஊற்றிக் கொடுக்க எவருக்கும் உரிமையில்லை.

மகளை அக்காவிடமிருந்து நான் நிறுத்தவில்லை. பலருக்கு அது ஆச்சரியமாக இருந்தது. அவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். மகளின் ரத்த வகை, எடை, ஒவ்வாத மருந்து, மருத்துவரின் எண், எங்கள் இருவரின் எண்கள் அதில் இருந்தன. அவசர நேரத்தில் எங்களைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் சிகிச்சைக்கு ஒப்புதல் தர அவருக்கு அனுமதி உண்டு என்று எழுதி, நானும் கணவரும் கையெழுத்திட்டோம். என்னென்ன செய்யக் கூடாது என்று ஒரு பட்டியலையும் சேர்க்கச் சொன்னார் கணவர். நான் மறுத்தேன். மொட்டை போடாதீர்கள் என்று எந்தத் தாய்க்கு முன்கூட்டியே எழுதத் தோன்றும்? நாம் எழுதாமல் விட்ட இடத்தில்தான் அடுத்தது நடக்கும். அதனால், அவசரம் இல்லாத எதுவானாலும் மாலையில் நான் வரும்வரை பொறுத்திருங்கள் என்று மட்டும் வாயால் சொன்னேன். “காது குத்துறதுன்னாலும் கேக்கணுமா?” என்று அவர் கேட்டார். கேட்க வேண்டும் என்றேன். சிறிது யோசித்துவிட்டு, “சரிம்மா” என்றார். அதன்பின் அவர் கேட்காமல் எதையும் செய்ததில்லை.

அச்சடித்த தாளில் வரும்போது

அக்காவின் மேல் எனக்கு வந்த கோபம் எவ்வளவு எளிதாக வந்தது என்பதைப் பின்னால் நினைத்துப் பார்த்தேன். அவர் ஏழை, அவருக்குப் படிப்பில்லை, மாதச் சம்பளத்தை நான் கையில் கொடுக்கிறேன். அவர் செய்தது உடனே எல்லை மீறலாகத் தெரிகிறது. அதையே ஒரு பெரிய நிறுவனம் சுற்றறிக்கையாக அடித்து அனுப்பினால் நாம் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், மகன் போகும் மழலையர் பள்ளி, மதிய உணவில் முட்டையோ மீனோ வைத்து அனுப்பக் கூடாது என்று எழுதிக் கொடுத்தது. அந்த வீட்டில் மூன்று வேளையும் மீன் உண்டு. தான் சாப்பிடுவது மற்றவர்கள் முன்னால் சாப்பிடக்கூடாத ஒன்று என்று மூன்று வயதில் அந்தப் பையன் கற்றுக்கொண்டான். வேறொரு காப்பகத்தில், இடது கையால் கிரேயான் பிடித்த குழந்தையை வலது கைக்கு மாற்றினார்கள். “பள்ளிக்குப் போனா கஷ்டப்படும்” என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். தாய்க்குத் தெரியவந்தபோது, குழந்தை வீட்டிலும் இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைக்கத் தொடங்கியிருந்தது. இவை எதுவும் முடியைப் போல மூன்று மாதத்தில் வளர்ந்துவிடுபவை அல்ல.

மகள் இப்போது மழலையர் வகுப்புக்குப் போகிறாள். சேர்க்கைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில், பள்ளியில் எடுக்கப்படும் குழந்தையின் படங்களைப் பள்ளி தன் விருப்பப்படி எங்கு வேண்டுமானாலும் வெளியிடலாம் என்று ஒரு வரி இருந்தது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் தனிப்பட்ட தரவுகளைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பதினைந்து ஆண்டுப் படங்களுக்குச் சேர்த்து முதல் நாளிலேயே வாங்கிக்கொள்ளும் ஒரு கையெழுத்தை அப்படிப்பட்ட ஒப்புதலாக என்னால் நினைக்க முடியவில்லை. அந்த வரியை அடித்து, ஓரத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அலுவலகப் பெண் படிவத்தை வாங்கத் தயங்கினார். தலைமையாசிரியை என்னை உள்ளே அழைத்து, மற்றப் பெற்றோர்கள் படங்கள் வரவில்லையே என்றுதான் வருத்தப்படுகிறார்கள் என்றார். அவர்களிடமும் ஒவ்வொரு முறையும் கேளுங்கள், மகிழ்ச்சியோடு சரி என்பார்கள் என்று சொன்னேன். இத்தனை குழந்தைகள் இருக்கும் பள்ளியில் அது நடக்கிற காரியமா என்று கேட்டார். மாதக் கட்டணத்துக்கு நினைவூட்டல் அனுப்புவதற்கு இருக்கும் வழி இதற்கும் இருக்கும் என்றேன். யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். விளையாட்டு விழாவுக்கு முந்தின நாள் பள்ளியிலிருந்து கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. படம் எடுக்கவும் வெளியிடவும் சம்மதமா என்று கேட்டிருந்தார்கள். குழுப் படத்துக்குச் சம்மதம், தனிப் படம் வேண்டாம் என்று பதில் அனுப்பினேன்.